வரம்பிட்ட வரவேற்பு

இமயத்தின் மடியில் அமைந்த பூட்டான், 1974ஆம் ஆண்டில்தான் அயல்நாட்டுச் சுற்றுலாப் பயணியருக்குத் தன் கதவைத் திறந்தது. மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக்கின் முடிசூட்டு விழாவிற்கு வந்த விருந்தினருக்கென எழுப்பிய விடுதிகளே பின்னர் அத்தொழிலுக்குத் தொடக்கமாயின. வருவோர் சிலராயினும் அவரால் நாடு பெறும் பயன் மிகுதியாதல் வேண்டும் என்பது அன்று வகுத்த கொள்கை. 1991இல் சுற்றுலாத் தொழில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னும், பயணி ஒருவர் நாளொன்றுக்குச் செலுத்த வேண்டிய குறைந்த அளவுத் தொகையை அரசே வரையறுத்தது.

தலைவரின் நன்னோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அவர் காலத்தோடு மங்கிவிடக்கூடும். பூட்டான் அந்நோக்கத்தைச் சட்டமாக்கியது. நிலப்பரப்பில் அறுபது விழுக்காடு எக்காலத்தும் காடாகவே இருத்தல் வேண்டும் என 2008ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் பணிக்கிறது. அண்டை நாடாகிய நேபாளம் சிகரங்களால் பொருளீட்டுவதைக் கண்டிருந்தும், தெய்வங்கள் உறையும் இடமென மக்கள் போற்றும் மலைகளில் ஏறுவதை அந்நாடு 2003இல் முற்றிலும் தடைசெய்தது. 7,570 மீட்டர் உயரமுள்ள காங்கர் புயென்சம் சிகரத்தில் இன்றுவரை மனிதர் காலடி படவில்லை. வருவாயை வேண்டாவென விலக்கும் அரசுகள் உலகில் மிகச் சிலவே!

எனினும் அண்மைக்காலச் சீர்திருத்தம் குறையற்றதெனக் கூறுவதற்கில்லை. பெருந்தொற்றால் இரண்டரை ஆண்டுகள் அடைபட்டிருந்த எல்லை 2022 செப்டம்பரில் திறந்தபோது, 65 டாலராக இருந்த நீடித்த வளர்ச்சிக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலராக உயர்த்தப்பட்டது. முன்னர் எதுவும் செலுத்தாதிருந்த இந்தியரும் 1,200 ரூபாய் செலுத்தலாயினர். காட்டிற்கு அது நன்மை தரலாம். வழிகாட்டிகளும், தக்சாங் மடத்துப் பாதையில் குதிரை நடத்துவோரும், கடன்பட்டு விடுதி கட்டியோரும் என் செய்வர்? பயணியர் வரவு எதிர்பார்த்தபடி மீளவில்லை. ஓராண்டிற்குள் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது.

உயர்த்தியதும் குறைத்ததும் அரசே. இவ்விரண்டிற்கும் இடையே அல்லலுற்றோர், அம்முடிவுகளை எடுக்கும் இடத்தில் இல்லாத எளியோர். அவர்தம் குரலுக்கு இடமளிக்கும் அமைப்பு முன்னரே வலுவாக இருந்திருப்பின், இத்தடுமாற்றத்தில் ஒரு பகுதியேனும் தவிர்ந்திருக்கும். குறைத்த கட்டணம் 2027 ஆகஸ்டு வரை தொடரும் என அரசு அறிவித்தது இவ்வகையில் போற்றத்தக்கது. கடன்பட்டோர் நான்காண்டுக் கணக்கையேனும் அச்சமின்றி எழுதிப் பார்க்க அது வழிசெய்தது.