நாலு கால் மீன்!

தோழர்களே! மீனுக்குக் கால் உண்டா? ரோமம் உண்டா? அது குட்டி போட்டுப் பால் கொடுக்குமா? இதென்ன கேள்வி என்று சிரிப்பீர்கள். ஆனால் இம்மூன்றும் உடைய ஒரு "மீன்" தென் அமெரிக்காவில் வெனிசுலா தேசத்தில் இருக்கிறது. அதை மீனாக்கியது இயற்கையல்ல, பாதிரிமார்களின் அனுமதியேயாகும்.

அதன் பெயர் காப்பிபாரா. எலி ஜாதிப் பிராணிகளில் உலகத்திலேயே பெரியது. சுமார் 50 கிலோ நிறையிருக்கும். புல் தின்று வாழ்வது. விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதால் நன்றாய் நீந்தும். ஐந்து நிமிஷம் வரைகூட முழுகியிருக்கும். பிறகு மூச்சு விட மேலே வந்தே தீரவேண்டும். ஏனெனில் அதற்கிருப்பது நுரையீரலேயன்றி செவுள் அல்ல. ஐந்து மாதம் சுமந்து நாலைந்து குட்டி போடும்.

நிற்க, கத்தோலிக்க மதத்தில் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் நாற்பது நாளும் மாமிசம் புசிப்பது பாவம், மீன் புசிக்கலாம் என்பது பழைய விதி. ஓரினோக்கோ ஆற்றுச் சமவெளியில் மாடு மேய்த்துப் பிழைத்தவர்களுக்கோ கைக்கெட்டியது இந்தப் பிராணி. விதியைத் தள்ளினால் விதித்தவர் பெருமை போய்விடும். தள்ளாவிட்டால் ஜனங்கள் கேட்கமாட்டார்கள். ஆகவே, தண்ணீரில் வாழ்வதால் இதையும் மீனைப்போலப் புசிக்கலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். பெரிய வாரத்தில் இதன் உப்புக்கண்டம் இன்றும் அங்கே விசேஷ உணவு.

ஏழை மனிதன் தின்றதை நாம் குற்றம் சொல்லவில்லை. தாராளமாய்த் தின்னட்டும். நாம் கேட்பதெல்லாம், மாமிசம் பாவமானால் பெயரை மாற்றியவுடன் அப்பாவம் எங்கே போயிற்று? பாவமில்லையானால் இத்தனை தலைமுறை மக்களை நரகத்தைக் காட்டி மிரட்டியது ஏன்? எல்லாம் அறிந்த கடவுளுக்கு எலிக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாதா? "கூடாது" என்பதும் ஒரே வாய். "கூடும்" என்பதும் அதே வாய். இரண்டுக்கும் மக்கள் அவ்வாயையே பார்த்து நிற்கவேண்டும் என்பதே இதிலுள்ள சூட்சுமம்.

"விஞ்ஞானிகள் மட்டும் தவறவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். தவறினார்கள். 1766-ல் லின்னேயஸ் என்ற பேரறிஞர் இதைப் பன்றியோடு சேர்த்தார். ஆனால் பேரறிஞர் சொன்னாரே என்று யாரும் கன்னத்தில் போட்டுக் கொள்ளவில்லை. பல்லைப் பார்த்தார்கள், இது கொறிக்கும் பிராணி என்று திருத்திவிட்டார்கள். வித்தியாசம் இதுதான்.

பாதிரி கொடுத்த பெயர் அந்தப் பிராணிக்காவது உதவிற்றா? இல்லை. தபசு காலம் வந்தால் கிராக்கி. கிராக்கி வந்தால் கொலை. அளவின்றிக் கொன்றதில் அதன் மந்தைகள் குறைந்தன. பிறகு 1968 முதல் சில பெரிய மாட்டுப் பண்ணைகளில் தலைகளை எண்ணிக் கணக்குப் பார்த்து, இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அரசாங்கம் அளவு வைக்கும் முறை ஏற்பட்டது. மீன் என்று சொன்ன வாய் ஒரு குட்டியையும் காப்பாற்றவில்லை. எலி என்று அறிந்து எண்ணிப் பார்த்த கண்ணே காப்பாற்றிற்று.

எனவே தோழர்களே! எவர் எதைச் சொன்னாலும் முதலில் காலை எண்ணிப் பாருங்கள். நாலு கால் இருந்தால் அது மீனல்ல.