ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்

பொதுக் காரியத்துக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டால் பால்மரத் தொழிலாளி கையை விரித்ததில்லை. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, தோட்டத்து லயங்களிலிருந்தும் வெள்ளி வெள்ளியாகப் பணம் போய்ச் சேர்ந்தது. ஆகவே தேசிய அரங்கு ஒன்றைக் கட்ட மக்களிடம் காசு கேட்கலாமா என்பது நமக்குப் புதிய கேள்வி அன்று. தாராளமாகக் கேட்கலாம். வாங்கிய பிறகு கொடுத்தவனுக்கு அந்தக் கட்டடத்தில் என்ன உரிமை என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் 1959-இல் சுயாட்சி பெற்றது. அதன் நினைவாகத் தேசிய அரங்கு எழுப்புவதென முடிவாயிற்று. அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பான் பக்கம் வளர்ந்தவர். தகப்பனார் ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். சில்லறைக் காசின் அருமை அறிந்த மனிதர் என்று நாம் நம்பலாம். ‘ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்’ என்று இயக்கம் நடந்தது. கட்டடச் செலவு சுமார் 22 லட்சம் வெள்ளி. அதில் 8 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி பொதுமக்கள் தந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

ஆல்பிரட் வோங் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த அந்த அரங்கு, கென்னிங் குன்றின் அடிவாரத்தில் எழுந்தது. கொடியின் ஐந்து நட்சத்திரங்களுக்காக முகப்பில் ஐந்து கூர்முனைகள்; பிறைக்காக முன்னால் ஒரு நீரூற்று. தலைக்குமேல், குன்றின் சரிவை நோக்கி நீண்டு நிற்கும் இரும்புக் கூரை. இருக்கைகள் 3,420. செங்கல்லுக்கென்று காசு வாங்கிய கட்டடத்துக்குப் பக்கச் சுவரும் இல்லை, பின்சுவரும் இல்லை! இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். நம் ஊர் வெக்கைக்குக் காற்றோட்டமான கொட்டகைதான் ஏற்றது. அத்தனை ஆயிரம் பேரை உட்கார வைக்கவும் அதுதான் வழி. மழை பெய்தால் சாரல் அடிக்கும், தெருச் சத்தம் கேட்கும், வாஸ்தவம். தோட்டத்துத் திருவிழாவில் தார்ப்பாய்க்கு அடியில் விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு அது ஒரு குறையா?

1963 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, தென்கிழக்காசியக் கலாசார விழாவோடு அரங்கு திறந்தது. ரஷ்யாவின் பல்ஷாய் நடனக் குழுவும் அங்கே ஆடியிருக்கிறது. 1984 ஜனவரியில் மூடினார்கள். கூரை பலமாக இல்லை என்றார்கள். அருகே விரைவுச்சாலைச் சுரங்கமும் வரவிருந்தது. 1986-இல் இடித்துவிட்டார்கள். திறந்து மூடியது இருபது வருஷக் கணக்கு. நட்ட ஏழாம் வருஷத்தில் வெட்டுக்கு வரும் பால்மரம்கூட அதைவிட நாள் நின்று பால் கொடுக்கும்.

கூரை ஆபத்தென்றால் மூட வேண்டியதுதான். ஆயிரக்கணக்கானோர் தலைக்குமேல் நிற்பது அது. நான் இஞ்சினீயர் அல்லன்; அதில் வாதாட மாட்டேன். என் வழக்கு வேறு. காசு வாங்கியபோது செங்கல்லைக் காட்டி வாங்கினார்கள். கூரையைப் பார்த்துக்கொள்ள இன்ன பணம், வருஷத்துக்கு ஒருமுறை இன்னார் சோதனை, அதன் அறிக்கை கொடுத்தவன் பார்வைக்கு என்று அதே ரசீதில் அச்சடித்திருக்கலாம் அல்லவா?

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமும் உண்டு. நான் சின்னக் கிராணியாக இருந்த தோட்டத்தில் நாடக மேடை கட்ட ஆளுக்கு இரண்டு வெள்ளி செக்குரோலில் பிடித்தோம். பிடித்து எழுதியவன் நானே. மேடை வந்தது, தகரக் கூரையும் வந்தது. மூன்றாம் மழைக்கு ஒழுகியது. மராமத்துக்கு ஒரு காசு இல்லை. "கிராணி ஐயா, நம்ப ரெண்டு வெள்ளி எங்கே நிக்குது?" என்று ஒரு பாட்டி கேட்டாள். நான் பேரேட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

கோலாலம்பூரில் 1999-இல் திறந்த இஸ்தானா புடாயாவுக்கு உண்டியல் குலுக்கவில்லை. சுமார் 21 கோடி வெள்ளி, வாவ் பூலான் பட்டத்தைப் போன்ற கூரை, ஆயிரத்து நானூறு சொச்சம் இருக்கைகள். அழகான கட்டடம். சிங்கப்பூரில் 2002-இல் வந்த எஸ்பிளனேடுக்கு ஆன 60 கோடியில் பெரும்பகுதி பந்தய வாரியத்தின் பணம்; குதிரை ஓடிக் கலை வளர்த்தது! செங்கல் கேட்காமல் கட்டினால் செங்கல்லைப் பற்றிக் கேள்வியும் வராது. அதுவே இந்த வழியின் வசதி.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சிங்கப்பூரில் செங்கல் வெள்ளி சேர்த்த அதே காலத்தில்தான் இங்கே வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டு போடப்பட்ட தோட்டங்களை வாங்க, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு எடுத்தான் பால்வெட்டுத் தொழிலாளி. அங்கே அவன் நன்கொடையாளன் அல்லன், பங்குதாரன். அந்தச் சங்கத்தின் மீது குறை சொல்வாரும் உண்டு; சொல்ல அவர்களுக்கு உரிமை இருப்பதே பங்கு இருப்பதால்தான். இன்றும் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனுக்குள் டான்ஸ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. தமிழ் நூல் வெளியீடும் கலை நிகழ்ச்சியும் அங்கே நடக்கின்றன.

ஆகவே அடுத்த முறை எந்த அரசாங்கமோ கமிட்டியோ அரங்கு கட்ட நம்மிடம் வந்தால், நாம் கேட்க வேண்டியது இது: திட்டக் குழுவில் கொடுத்தவர் சார்பில் வாக்குள்ள ஆள் இருப்பாரா? திரட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் எத்தனை காசு பராமரிப்புக்கென்று தனியே நிற்கும்? பின்வரிசைச் சீட்டு ஒரு நாள் கூலியைத் தின்னாமல் இருக்குமா? கூரைச் சோதனை அறிக்கை தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டப்படுமா? இவை ரசீதின் பின்பக்கம் அச்சாகி வரட்டும். முதல் வெள்ளி என்னுடையது.