பார்வதிபுரத்தார் ஈந்த எண்பது காணி

கூடிவாழும் ஊர்களைப் பற்றி மேலைநாட்டார் எழுதிக் குவித்துள்ள நூல்கள் பலவாகும். நகர வாழ்வின் நெருக்கடியிலும் பொருள்வேட்கையிலும் சலித்துப்போனவர்கள் சிற்றூர்ப் புறத்தே நிலம் வாங்கி, பொது அடுக்களை, பொதுக் கழனி, பொதுப் பள்ளி என வாழ முனைவது பல நாடுகளிலும் நடந்துவருகின்றது. அம்முயற்சிகளை இகழ வேண்டுவதில்லை. ஆனால், அவற்றைக் கண்டு வாய்பிளந்து நிற்கும் படித்த தமிழர்க்கு, கடலூரிலிருந்து சிறிது நேரப் பேருந்துச் செலவில் உள்ள வடலூரில் 1867-ஆம் ஆண்டிலேயே நடந்தது என்னவென்று தெரியவில்லையே, அதுதான் வெட்கத்துக்குரியது.

அவ்வாண்டு மே மாதம் 23-ஆம் நாள் இராமலிங்க அடிகளார் அங்குத் தருமச்சாலையைத் தொடங்கினார். இருபத்தோரடி நீளமுள்ள அடுப்பில் அன்று மூட்டிய தீ இன்றளவும் அணையவில்லை. தாதுவாண்டுப் பஞ்சம் தமிழகத்தைச் சூறையாடுவதற்கு ஒன்பதாண்டுகட்கு முன்பே எரியத் தொடங்கிய தீ அது. இவ்வளவும் பலரும் அறிந்ததே. அந்த அடுப்பு எந்த நிலத்தின்மேல் நிற்கின்றது என்பதைத்தான் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்நிலம் மன்னன் விட்ட மானியமன்று; வெள்ளைத் துரை அளித்த கொடையுமன்று; செல்வர் ஒருவர் புண்ணியங் கருதி எழுதிவைத்த சொத்துமன்று. பார்வதிபுரத்து உழவர்கள் ஏறத்தாழ நாற்பதின்மர் ஒன்றுகூடி, தங்கள் நிலத்தில் எண்பது காணியை, அதாவது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 106 ஏக்கரை, எழுதிக் கொடுத்தனர். ஏர் பிடித்த கைகள் இட்ட கையொப்பம் அது. ஒரு காணிக்கும் அரைக் காணிக்கும் உடன்பிறந்தார் வழக்குமன்றம் ஏறும் நாட்டில், ஓர் ஊரே தன் நிலத்தைப் பசித்தவர்க்கென்று விட்டுக்கொடுத்தது.

அடிகளார் கருதியது சோற்றுச்சாலை ஒன்று மட்டுமன்று. தருமச்சாலையைச் சார்ந்து மருத்துவத்துக்கு ஒரு சாலை, நூல் பயில ஒரு சாலை, பிறர்க்கு உதவ ஒரு சாலை, தொழில் வளர ஒரு சாலை, வழிபாட்டுக்கும் ஓகத்துக்கும் தனித்தனிச் சாலை, வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளவும் ஒரு சாலை என்று அவர் வகுத்தார். ஓர் ஊர் தன்னைத்தானே ஆண்டுகொள்ள வேறென்ன வேண்டும்? முதியோர்க்குத் திருக்குறள் வகுப்பு நடத்தவும் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது. திண்ணைப் பள்ளியின் வாயிலைக்கூட மிதியாத உழவனும் குறள் கேட்கலாம் என்று வழிசெய்தவர் அவர். சாதி, சமயம், நாடு கேட்டுச் சோறு போடுதல் கூடாது என்பது அங்குக் கண்டிப்பான நெறி. புலால் உண்போரைத் தம் நெறிக்குப் புறத்தவர் என்றே அவர் கொண்டார். ஆயினும் அவர்தம் பசியையும் ஆற்ற வேண்டும் என்றார். கொள்கையில் இறுக்கம், பந்தியில் இறுக்கமின்மை. இன்றைய கட்சித் தலைவர்களிடம் இவ்விரண்டும் தலைகீழாகக் கிடக்கின்றன.

அடிகளார் பிறந்த மருதூர் தில்லைக்கு அண்மையது. அத்தில்லையில், சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாட ஆறுமுகசாமி என்னும் முதிய சிவனடியார் ஒருவர் 2008-ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. அதுவும் காவலர் சூழத்தான் நடந்தது. ஞானசபையை வடலூரில் எழுப்பி, அதனை 1872 தைப்பூசத்தில் திறந்து, 'உத்தர ஞான சிதம்பரம்' என்று அடிகளார் ஏன் பெயரிட்டார் என்பது இப்பொழுது விளங்குகிறதா?

பெயர்களெல்லாம் வடசொற்களாயிற்றே என்று தூயதமிழன்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அது அக்காலத்து வழக்கின் கறை. ஆயினும், ஆரவார மொழிகளில் தம் உள்ளம் செல்லாதபடி தடுத்துத் தென்மொழி ஒன்றிலேயே பற்றுவைக்கச் செய்தமைக்கு இறைவனுக்கு நன்றி கூறித் தம் பெருவிண்ணப்பத்தில் எழுதியவரும் அவரே. கறையை எவ்வாறு போக்குவது என்பதை மறைமலையடிகள் காட்டிவிட்டார். அடிகளார் வழியில் தாம் 1911-இல் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையத்தையே அவர் பின்னர்ப் பொதுநிலைக் கழகம் ஆக்கினார். 'பொதுநிலை' என்ற சொல் வடலூரின் உள்ளீட்டை மூலப்பெயரினும் தெளிவாகக் காட்டுகின்றது.

வடலூருக்கு நூறாண்டு கழித்து, அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அதே தென்னார்க்காட்டு மாவட்டத்தில், புதுவைக்கு வடக்கே ஆரோவில் எழுந்தது. 1968 பிப்ரவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டுத் தொடங்கினார்கள். வறண்ட செம்மண் மேட்டைக் காடாக்கிய அவர்கள் உழைப்பு மெய்யான உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஐம்பதினாயிரவர் வாழத் திட்டமிட்ட அந்நகரில் அரை நூற்றாண்டு கடந்தும் ஏறத்தாழ மூவாயிரவரே வாழ்கின்றனர். 1988-இல் இயற்றிய சட்டத்தால் அதன் ஆட்சி தில்லியின் கைக்குப் போயிற்று. குயிலாப்பாளையத்தாரும் ஆலங்குப்பத்தாரும் வேலைக்குச் சென்றனரேயன்றி, அக்கனவைக் கண்டவர்கள் அவர்களல்லர். பார்வதிபுரத்தாரோ தம் ஊரிலேயே தம் கையாலேயே கொடுத்தவர்கள். இரண்டுக்கும் வேறுபாடு இதுதான்.

கொடுத்த ஊரின் பக்கத்திலேயே எடுத்த கதையும் உண்டு. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்துக்காகப் பெயர்ந்த ஊர்கள் எத்தனை! 2023 சூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் பொறிகள் ஏறின. நிலம் முன்பே எடுக்கப்பட்டதுதான் என்றது நிறுவனம். இருக்கட்டும். பயிரை அறுக்கும்வரை பொறுத்திருந்தால் எந்த விளக்கு அணைந்திருக்கும்? வாடிய பயிரைக் கண்டு தாமும் வாடிய ஒருவர் வாழ்ந்த மாவட்டம் ஐயா இது!

அடுத்த ஆண்டே வடலூரின் முறை வந்தது. 2024 பிப்ரவரி 17-இல் ஏறத்தாழ 100 கோடி உருபாவில் வள்ளலார் பன்னாட்டு மையம் கட்டத் தமிழக அரசு காணொளி வழியே அடிக்கல் நாட்டியது. இடம்? ஞானசபைக்கு முன்னுள்ள பெருவெளி. பள்ளம் தோண்டியவுடன், ஏப்ரலில், பார்வதிபுரத்து மக்கள் திரண்டு சென்று அப்பள்ளங்களில் இறங்கி நின்றனர். எங்கள் முன்னோர் கொடுத்த நிலம், வெளியாகவே இருக்கட்டும் என்பதே அவர்கள் கேட்டது. அவர்களைக் காவல்துறை தளையிட்டுக் கொண்டுபோயிற்று. வழக்கு உயர்நீதிமன்றம் ஏறிற்று.

அடிகளார்க்கு மையம் வேண்டா என்பார் ஒருவருமில்லை. நூலகமும் மருத்துவமனையும் முதியோர் இல்லமும் வேண்டியவையே. அவர் வகுத்த சாலைகளில் அவையும் அடங்கும். ஆனால் பெருவெளி வெற்றிடமன்று. தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீங்க ஒளி காணும் நூறாயிரக்கணக்கான மக்கள், முன்னவர் பின்னவர் என்ற வரிசையின்றி, மதிலின்றி, கட்டணமின்றி நிற்பதற்கு உரிய இடம் அது. தில்லையில் மதிலுக்குள் மதில், வடலூரில் வெளி. அவ்வெளியும் முழுமையாக இன்றில்லை. எண்பது காணியில் ஒரு பகுதி முன்பே பிறர் கைகளில் சிக்கிவிட்டது. அதனை மீட்டு, கட்டவேண்டியவற்றைப் பெருவெளிக்குப் புறத்தே கட்டுவதற்கு என்ன தடை?

கேட்காமலே கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களை ஒருசொல் கேட்டிருக்கலாம். அவர்களை அழைத்துவைத்துப் பேசாமல் வரைபடம் தீட்டிய அறநிலையத்துறை, தருமச்சாலையில் அந்தக் குறள் வகுப்பையாவது மீண்டும் தொடங்கிவைக்கட்டும். அதற்குக் கோடிகள் வேண்டா, ஓர் ஆசிரியரும் ஒரு விளக்கும் போதும். பார்வதிபுரத்தார் எழுதிக் கொடுத்த ஆவணத்தை, அதில் ஒப்பமிட்டோர் பெயர் அனைத்துடனும் கல்லில் வெட்டி, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் பதிக்கட்டும். சோறுண்ண வருவோர் படித்துவிட்டு உட்காரட்டும்.