கைத்தொழிலும் தமிழ்ப் பெருமையும்

ஈசூன் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் ஓய்வு நேரத்தில் மெழுகைப் பிசைந்து உருச் செய்து, தமக்கு வேண்டிய கைப்பிடியையோ சிறு விளக்கையோ தாமே வார்க்க விரும்பினால், "கடையில் கிடைப்பதற்கு ஏன் இந்த வீண்வேலை?" என்று நகைப்போர் பலர். அவர்களே மேடையேறினால் சோழர்காலச் செப்புத் திருமேனிகளுக்குப் புகழ்மாலை சூட்டுவர். இம்முரண்பாடு கண்டிக்கத்தக்கது.

ஈசூனில் கோயில் கொண்ட பாலசுப்பிரமணியரை வணங்கும் மாணவர், சுவாமிமலையை முருகனின் படைவீடாக அறிவர். அவ்வூர்த் தபதியர் இன்றும் வார்ப்புத்தொழில் நடத்துவதை எத்தனை பேர் அறிவர்? தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைப் புனைவர். காவிரி வண்டலைப் பூசி உலர்த்துவர். சூட்டில் மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். ஆறியபின் அச்சை உடைத்தாக வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே திருமேனி. இவ்வளவும் நம் வகுப்பறையில் ஒருவரி விடையாகச் சுருங்கிவிட்டது.

"அடுக்குமாடியில் உலை மூட்டலாமா?" என்பர். மூட்டலாகாது. செம்பு உருக 1,085 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும்; அச்சில் ஈரம் எஞ்சினால் நீராவி குழம்பைச் சிதறடிக்கும். ஆயினும் மெழுகுருவை வீட்டு மேசையிலேயே செய்யலாம்; வார்ப்பைப் பட்டறையில், பயின்றவர் துணையோடு செய்யலாம். ஆபத்தைக் காட்டி அறிவையே மறுப்பது சோம்பலுக்குப் போர்த்தும் போர்வை.

கரு, மூசை, உலை, வார்ப்பு ஆகியவை தொழில் செய்த கைகள் மொழிக்கு ஈந்த சொற்கள். கை மறந்தால் சொல்லும் மறையும். தமிழாசிரியர் மாணவர் கையில் முதலில் மெழுகைக் கொடுக்கட்டும். கட்டுரைத் தலைப்பைப் பிறகு கொடுக்கலாம்.