தலைவியின் நாற்காலி

மக்களாட்சி என்றதும் டில்லிப் பாராளுமன்றமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் வேர் கிராம ஊராட்சியில் அன்றோ இருக்கிறது! 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம், ஊராட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கையேனும் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. 2019 டிசம்பரில் நம் திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களும் அவ்வாறே வாக்களித்தன.

எனினும், மனைவி பெயருக்குத் தலைவியாக இருக்க, கணவரே நாற்காலியில் அமரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சட்டம் இடம் தந்தது. துணிவை யார் தருவது? 1977-இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஹங்கர் புராஜெக்ட்' என்னும் தொண்டு அமைப்பு, நம் நாட்டுத் தொண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து, தமிழ்நாட்டிலும் ஊராட்சிப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துள்ளது.

"நம் ஊராட்சியில் அந்நியருக்கு என்ன வேலை?" எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். யாருக்கு வாக்களிப்பது என்று அவர்கள் சொன்னால் அது தலையீடு. பதவிக்கு வந்த பெண் தன் உரிமையை அறிந்து பேசக் கற்றுத் தந்தால் அது நட்பு. நம் மலைத் தீபத்துக்கு நெய் பல ஊர்களிலிருந்தும் வருகிறது. ஏற்றும் கை நம்மூர்க் கையே.

இன்னும் மூன்றாண்டில் நாமும் வாக்காளராவோம். அதுவரை நம் அன்னையரைக் கிராம சபைக்குப் போகச் சொல்வோம். தலைவியின் நாற்காலியில் தலைவியே அமரட்டும்!