பொய்க்கும் ஒரு நாணயம் உண்டு

பொய் சொல்லிப் பிழைப்பவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருபது வருஷங்களாக, பிறக்காத மனிதர்களுக்குப் பெயர் வைத்து, நடக்காத கல்யாணங்களை நடத்தி, அவர்களுக்காக வாசகர்களை அழவும் வைத்து, அதற்குப் பத்திரிகைக்காரர்களிடம் கூலியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் பொய்யின் தலையில் 'சிறுகதை' என்றோ 'நாவல்' என்றோ கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். வாசகர் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். எனக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தம் அது. ஆகவே, பொய்த் தொழிலின் தர்மத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு.

அந்த யோக்கியதையை வைத்துக்கொண்டுதான் விளம்பரக் கம்பெனிகளைக் கேட்கிறேன்: ஐயா, நீங்கள் எழுதும் கதைக்கு மேலே 'கதை' என்று ஏன் போடுவதில்லை?

அவசரப்பட்டு என்னை விளம்பரத்துக்கே விரோதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விடியற்காலையில் தெருவில் கூவிக்கொண்டு வரும் கீரைக்காரியும் விளம்பரம்தான் செய்கிறாள். முற்றிய கீரையை இளங்கீரை என்று அவள் கூவினால், கூடையை இறக்கிப் பார்க்கிற பெண்கள் மறுநாள் கதவைத் திறக்கமாட்டார்கள். அவள் வார்த்தைக்கு ஒரு கேள்வி முறை இருக்கிறது. அந்த மட்டில் அது கௌரவமான தொழில். கலைஞர்களும் அந்தத் தொழிலில் இருந்து பிழைத்திருக்கிறார்கள். சத்யஜித் ரே 1943-ல் கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராகச் சேர்ந்துதான் வாழ்க்கையைத் தொடங்கினார். துப்பறியும் நாவல்களால் புகழ் பெற்ற டோரதி ஸேயர்ஸ் லண்டனில் விளம்பர வாசகம் எழுதியவர். 1933-ல் அவர் வெளியிட்ட ஒரு நாவல் பெரும்பாலும் விளம்பரக் கம்பெனிக்குள்ளேயே நடக்கிறது. 1966 முதல் அமுல் வெண்ணெய்க்காகத் தெருமுனைகளில் நின்று கேலி பேசி வரும் அந்தப் புள்ளிக் கவுன் சிறுமியை யாருக்குத்தான் பிடிக்காது? அவள் தெருவில் நிற்கிறாள். போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கலாம், சண்டைக்கும் வரலாம்.

என் சண்டை தெருவுக்கே வராத விளம்பரங்களோடு.

பெரிய விளம்பரக் கம்பெனிகள் தங்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு வார்த்தைகளை விரும்பி உபயோகிக்கிறார்கள். ஒன்று 'செய்தி', மற்றொன்று 'கலாசாரம்'. செய்தி என்ன என்று பார்த்தால், எந்தக் கம்பெனிக்கு எத்தனை பரிசு என்பதுதான். கலாசாரம் என்ன என்று பார்த்தால், அந்தப் பரிசுகளை அலமாரியில் அடுக்கிவைத்து அண்ணாந்து பார்ப்பதுதான். பரிசுகளில் பெரியது பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் வருஷந்தோறும் கொடுக்கும் சிங்கம். 1954-ல் வெனிஸ் நகரில் அந்த விழா ஆரம்பமானதால், அந்த ஊர்ச் சதுக்கத்துச் சிங்கத்தையே பரிசுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

சிங்கத்தை அடைய வழி என்ன? இரண்டு நிமிஷப் படம் ஒன்று எடுத்து நடுவர்களுக்கு அனுப்ப வேண்டும். 'இப்படி ஒரு விளம்பரம் செய்தோம், ஜனங்கள் இப்படிக் கொண்டாடினார்கள், பத்திரிகைகள் இப்படி எழுதின' என்று அந்தப் படம் சொல்லும். அதாவது விளம்பரத்துக்கு ஒரு விளம்பரம். ஜனங்கள் கொண்டாடியது நிஜந்தானா என்று நடுவர் எந்தத் தெருவில் போய் விசாரிப்பார்? இங்கேதான் கதாசிரியர்கள் நுழைகிறார்கள்.

2009-ல் அமெரிக்காவில் 'ஒன் ஷோ' என்ற பரிசில் ஒரு விளம்பரத்துக்குப் பாராட்டுக் கிடைத்தது. உலக வனவிலங்கு நிதியத்தின் பெயரால் டிடிபி என்ற குழுமத்தின் பிரேஸில் கம்பெனி செய்தது. நியூயார்க் நகரத்தின் மீது விமானங்கள் கூட்டங்கூட்டமாகப் பாய்கின்றன. இரட்டைக் கோபுரத்தில் மாண்டவர்களைவிடச் சுனாமியில் மாண்டவர்கள் பல மடங்கு என்று ஒரு கணக்கு. நிதியத்தின் சர்வதேசத் தலைமை அந்த விளம்பரத்தைக் கண்டித்துக் கைகழுவியது, பாராட்டும் ரத்தாயிற்று. அந்தச் சுனாமியில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். கரையில் வரிசையாகக் கிடத்தியிருந்த அந்தக் குழந்தைகள், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருந்த நடுவர்களின் கண்ணைக் கவருவதற்கு ஓர் எண்ணாகப் பயன்பட்டார்கள்.

நம் தேசம் சளைத்ததா? 2013 மார்ச் மாதம், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குப் பாராளுமன்றம் கடுமையான சட்டம் இயற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜே. வால்டர் தாம்ஸன் கம்பெனியின் இந்தியக் கிளை ஃபோர்டு ஃபிகோ காருக்காக வரைந்த சித்திரங்கள் வெளியாயின. அவற்றில் ஒன்றில், காரின் பின்பக்கத்தில் பெண்களைக் கைகால் கட்டி, வாயடைத்துப் போட்டிருந்தார்கள். சாமான் வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டினார்களாம்! கார்க் கம்பெனியும் மன்னிப்புக் கேட்டது. விளம்பரக் கம்பெனியின் தாய்க் குழுமமும் கேட்டது. எந்தப் பத்திரிகையிலும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் அல்ல அது.

2016-ல் சிங்கப்பூரில் கிரே என்ற கம்பெனி, மத்தியதரைக் கடலில் தத்தளிக்கும் அகதிப் படகுகளைச் செயற்கைக் கோள் படத்தில் யாரும் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று கைபேசிச் செயலி ஒன்றைக் காட்டி வெண்கலச் சிங்கம் வாங்கியது. விஷயம் தெரிந்தவர்கள் திறந்து பார்த்தால், எல்லோருக்கும் ஒரே பழைய படம்! சோதனை நிலையில் இருந்தது என்று சமாதானம் சொல்லிச் சிங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் அந்தக் கடலில் 5,000 பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்கு.

2025-ல் மறுபடியும் பிரேஸில். அதே டிடிபி குழுமத்தைச் சேர்ந்த டிஎம்9 என்ற கம்பெனி. பழைய குளிர்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினால், மின்சாரச் செலவில் மிச்சமாகும் பணத்திலேயே விலையைக் கட்டிவிடலாம் என்று ஒரு திட்டம். ஏழைகளுக்கு நல்ல யோசனைதான். கான் நகரில் மகா பரிசு கிடைத்தது. பிறகு பார்த்தால், பரிசுக்கு அனுப்பிய படத்தில் சிஎன்என் பிரேஸில் ஒளிபரப்பிய செய்தி ஒன்றைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றியிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலச் செனட் உறுப்பினர் ஆற்றிய சொற்பொழிவையும் அவர் சொல்லாததைச் சொன்னதாகத் திரித்திருந்தார்கள். பரிசு பறிபோயிற்று. இந்த டிடிபி எதனால் பெயர் பெற்றது தெரியுமா? 1959-ல் வோக்ஸ்வாகன் காரைச் சிறிய கார் என்று மறைக்காமல் சொல்லி விற்றதனால்! உண்மையை விற்றுப் புகழடைந்த குடும்பம், கடைசியில் செய்தியையே தயாரிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இதற்கெல்லாம் அவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. இவை கலைப் பரிசோதனைகள், யாரும் பார்க்காத விளம்பரத்தால் யாருக்கு நஷ்டம், என்பார்கள். பரிசோதனை என்றால் அப்படிச் சொல்லியே காட்டலாமே? யார் தடுத்தார்கள்? சித்திரக்காரன் கண்காட்சி வைக்கிறான். யாரும் அவனைக் கடைக்காரன் என்று நினைப்பதில்லை. இவர்களோ, 'இது நடந்தது, ஜனங்கள் பயனடைந்தார்கள்' என்று சாதிக்கிறார்கள். பொதுஜனம் பார்க்கும் விளம்பரத்தில் பொய் இருந்தால் புகார் செய்ய 1985 முதல் நம் நாட்டில் ஒரு விளம்பரத் தரக் கவுன்சில் இருக்கிறது. பொதுஜனம் பார்க்காத விளம்பரத்தைப் பற்றி யார் போய்ப் புகார் செய்வது?

நஷ்டம் யாருக்கு என்றும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர். மூன்றே கதைகள் எழுதியிருந்தார். மூன்றும் நல்ல கதைகள். பிறகு ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். சமீபத்தில் சந்தித்தபோது வேலையைப் பற்றிச் சொன்னார். பரிசுக் காலம் நெருங்கினால், கேட்காதவர்களுக்கெல்லாம் விளம்பரம் எழுத வேண்டுமாம். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் சம்மதக் கடிதத்துக்குப் போய் நின்றபோது, "இதுக்கு நான் காசு ஒண்ணும் தர வேண்டாமே, தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். யாரும் புரட்டாத பத்திரிகையில் ஒரே ஒரு நாள் வந்தது அந்த விளம்பரம். "அழகா இருந்தது சார். ஆனா ஒரு கண்ணாடிகூட விற்கலை" என்றார். இப்போது கதை எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "அங்கேயே நிறைய எழுதிடறேன் சார்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மொழியில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எந்தக் காலத்திலும் கொஞ்சம் பேர்தான். மன்னனைப் புகழ்ந்து பாடிய புலவன்கூட, அந்த மன்னனும் அவன் குடிகளும் கேட்கச் சபையில் நின்று பாடினான். மிகைப்படுத்தினால் சிரிக்க நாலு பேர் அங்கே இருந்தார்கள். அந்தச் சபையையும் இல்லாமல் செய்துவிட்டு, எழுத்தை எழுதுகிறவர்களே தங்களுக்குள் தூக்கிக் காட்டிப் பதக்கம் சூட்டிக்கொள்வதற்குக் கலாசாரம் என்ற பெயரைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

2025-ல் கான் நகரத்தார் புதிய விதிகள் அறிவித்தார்கள். ஒன் ஷோக்காரர்கள் 2009-லேயே, போலி விளம்பரம் அனுப்பும் கம்பெனிக்கு ஐந்து வருஷத் தடை என்று சொன்னார்கள். விதி வந்தும் பொய் நின்றபாடில்லை. என் யோசனை சுலபமானது. பரிசுக்கு வரும் விளம்பரத்தோடு, அதற்குப் பணம் கொடுத்த வியாபாரியும், அதைப் பார்த்துச் சாமான் வாங்கிய பத்துப் பேரும் நடுவர்கள் முன்னால் வந்து நிற்கட்டும். கீரைக்காரி தினமும் காலையில் அப்படித்தான் நிற்கிறாள்.

அதற்குத் துணிவில்லாதவர்கள் எங்கள் வரிசைக்கு வரலாம். இங்கே இடம் இருக்கிறது. தலைப்புக்கு மேலே 'சிறுகதை' என்று போட்டுக்கொண்டு எழுதட்டும். சிங்கம் கிடைக்காது, சன்மானமும் சொற்பம்தான். ஆனால் எழுதியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வராது.