மால்டாவும் மாமல்லபுரமும்

குடும்பஸ்தர்களுக்கு வருஷந்தோறும் ஏற்படும் சோதனைகளில் ஒன்று, விடுமுறைக்கு எங்கே போவது என்னும் கேள்வி. முன்பெல்லாம் இதற்குத் திருப்பதி, குற்றாலம், மாமனார் வீடு என்று மூன்றே விடைகள் இருந்தன. இப்போது பூகோளப் படம் முழுவதுமே விடையாகிவிட்டபடியால் தொல்லையும் பெருகிவிட்டது.

செங்கற்பட்டில் என் நண்பர் ஒருவருடைய இல்லத்தில் ஒரு மாத காலமாக மத்தியதரைக் கடலைப் பற்றியே பேச்சு. அக்கடலில், ஸிஸிலிக்குத் தெற்கே, மால்டா என்னும் தீவு நாடு இருக்கிறது. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். கல்லூரியில் வாசிக்கும் நண்பரின் புதல்வன் அங்கே போய்வருவதற்கு ஒரு திட்டம் தயாரித்திருக்கிறான். அதை வாசித்த எனக்கு அவன்மீது மதிப்பு உயர்ந்தது.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே வெயில் கடுமை; ஆகவே ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் போகவேண்டும். ஷெங்கன் விஸா வேண்டும். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ் வேண்டும். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லையாதலால் வழியில் மாறவேண்டும். 5,000 ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்ட ம்னாய்த்ரா என்னும் கற்கோயிலில், இரவும் பகலும் சமமாக இருக்கும் நாட்களில் உதயசூரியனின் கிரணம் வாயில் வழியே நேராக உள்ளே பாய்கிறதாம். அதையும் உத்தேசித்து நாள் குறித்திருக்கிறான்.

இத்தனை நுட்பமான திட்டத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அது பாட்டியின் பெயர். அவருக்கு வயது 78. நெடுந்தூர விமானப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. பத்து நாள் அவரை யாரிடம் விட்டுச் செல்வது என்ற இடத்தில் வந்து ஒவ்வொரு நாளும் பேச்சு நின்றுவிடுகிறது. பாட்டியோ, "என்னைப் பற்றி என்ன? நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்கிறார். அவ்வாறு அவர் சொல்லும்போது யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். மால்டாவைப் பார்க்க வேண்டாம் என்று சரித்திர உபாத்தியாயனாகிய நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐயாயிரம் வருஷம் நின்ற கற்கள் இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்கும். பாட்டி காத்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. ஆகையால் இவ்வருஷம் எல்லோருமாக மாமல்லபுரம் போகலாம் என்றேன்.

"அதைத்தான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்றே, மாமா!" என்றான் பையன்.

எப்படிப் பார்த்தாயிற்று? நடுப்பகலில் போய், ஹோட்டலில் சாப்பிட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குப் பார்ப்பது என்று பெயரில்லை. வெளிநாட்டுத் தீவுக்குப் போடும் திட்டத்தை 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊருக்கும் போட்டுப் பார்க்கவேண்டும்.

முதலில் காலம். மே மாதத்து அக்கினி நட்சத்திரமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையும் உதவா. ஜனவரி, பிப்ரவரி உத்தமம். ஆனால் காணும் பொங்கலன்று கூட்டம் தாங்காது. ஓர் இரவு தங்கி இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதல் நாள் காலை, பாதி வழியிலுள்ள திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரரைத் தரிசிக்க 500-க்கு மேற்பட்ட படிகளை இளையவர்கள் ஏறட்டும். பெரியவர்களுக்கு அடிவாரத்திலேயே பக்தவத்ஸலேசுவரர் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து அர்ச்சகர் வைக்கும் பொங்கலை உண்டு செல்லும். சென்ற நூற்றாண்டின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோயிற்று. பேரன் அவற்றைப் பார்க்க முடியாது. பார்த்த பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பிற்பகலில் மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. ஆகவே அப்போது அங்கே வெயில் இராது. தெருவோரத்திலேயே நின்று பார்க்கலாம். தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் குழந்தைகள் கண்டுபிடிக்கட்டும். பிறகு ஐந்து ரதங்கள். மால்டாவின் சுண்ணாம்புக் கல் உளிக்கு இணங்கும். இதுவோ கடினமான கருங்கல். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள். பீம ரதத்தின் அடிப்பாகம் முற்றுப்பெறாமல் நிற்பதில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

மறுநாள் காலை 6 மணிக்குக் கடற்கரைக் கோயிலில் இருக்கவேண்டும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்தது. இரண்டு சிவ சந்நிதிகளுக்கு நடுவே பெருமாள் சயனித்திருக்கிறார். கிழக்கு நோக்கிய சந்நிதி ஒவ்வொரு நாளும் கடலில் எழும் சூரியனை எதிர்கொள்ளுகிறது. இங்கே பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. கடலைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் இழுக்கும் நீரோட்டம் நீந்தத் தெரிந்தவர்களையும் விடாது.

திரும்புமுன், வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள சாளுவன்குப்பத்துக்கும் போய்வாருங்கள். 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் மணலுக்கடியிலிருந்து ஒரு பழைய முருகன் கோயில் அங்கே வெளிப்பட்டது. பாடப் புஸ்தகத்தில் நான் படித்த காலத்தில் இல்லாத கோயில் அது!

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரயாணத் திட்டம் எழுத உட்காரும்போது, வீட்டில் மிகவும் தள்ளாதவர் யாரோ அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். ஊரின் பெயரை இரண்டாவது வரியில் எழுதலாம். மால்டாத் திட்டத்தைக் கிழித்துவிட வேண்டாம். மடித்து அலமாரியில் வையுங்கள். அதற்கும் காலம் வரும்.